முதுகைப் பார்க்க ஒரு நாற்காலி

டுசல்டோர்ஃப் விமான நிலையத்தில் சுங்க அதிகாரி என் பெட்டியிலிருந்த எவர்சில்வர் டப்பாவைத் திறந்து, அதிலிருந்து ஓர் உருண்டையை எடுத்து மேசையில் தட்டிப் பார்த்தார். டக் என்றது. பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார். இன்னொரு முறை தட்டிவிட்டு, இது என்ன பொருள் என்று ஆங்கிலத்தில் கேட்டார். தின்பண்டம் என்றேன். எப்படித் தின்பது என்று கேட்டார். நியாயமான கேள்விதான். கடைவாயில் ஒதுக்கி வைத்து, ஊறவிட்டு, மெதுவாகத் தின்ன வேண்டும் என்று கன்னத்தைத் தொட்டு விளக்கினேன். அவர் என்னை இரக்கத்தோடு பார்த்து டப்பாவை மூடிக் கொடுத்துவிட்டார்.

பொருவிளங்காய் உருண்டை. வறுத்த அரிசியும் பருப்பும் அரைத்த மாவில் வெல்லப்பாகு ஊற்றி, தேங்காய்ப் பல்லும் சுக்கும் சேர்த்துப் பிடிப்பது. மாதக்கணக்கில் கெடாது. நான் திருச்சி தில்லைநகரில் இருபத்தாறு வருடமாகப் பல் வைத்தியம் பார்க்கிறேன். ஒவ்வொரு தீபாவளிக்கும் மறுவாரம் இந்த உருண்டையால் எனக்கு நாலு பேராவது வருவார்கள். பல் டாக்டர் வீட்டிலிருந்து இதைக் கொண்டுபோவது நன்றாகவா இருக்கிறது என்று என் மனைவி செல்வியிடம் சொல்லிப் பார்த்தேன். “பின்ன, வெறுங்கையோட போய் நிப்பீங்களா?” என்றாள். இருபது உருண்டைகள் என்னோடு ஜெர்மனிக்கு வந்தன.

வந்த காரியம், கொலோன் நகரில் நடக்கும் பல் மருத்துவக் கண்காட்சியில் என் கிளினிக்குக்கு ஒரு நாற்காலி பார்ப்பது. தங்கியது வுப்பர்டாலில், றெஜினா அக்கா வீட்டில். அக்கா மன்னார்க்காரர். இருபத்து நாலு வயதில் அகதியாக வந்தவர், இப்போது ஐம்பத்தெட்டு. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வேளாங்கண்ணிக்கு வருவார். திருச்சியில் இறங்கி முதலில் என்னிடம் வாயைக் காட்டிவிட்டு, அப்புறம்தான் மாதாவைப் பார்க்கப் போவார். ஒவ்வொரு தடவையும் ஒரு கிலோ சாக்லேட் கொண்டுவருவார். பல் டாக்டருக்குச் சாக்லேட் தருவதில் அவருக்கும் கூச்சமில்லை, வாங்குவதில் எனக்கும் கூச்சமில்லை. ஜெர்மனிக்கு வந்தால் எங்கட வீட்டில்தான் நிற்கவேண்டும் என்று பலமுறை சொல்லியிருந்தார்.

வியாழக்கிழமை போய் இறங்கினேன். மழை. வுப்பர்டாலில் பிள்ளைகள் குடையோடுதான் பிறக்கும் என்றார் அக்காவின் கணவர் மரியதாஸ் அண்ணை. திருகாணி ஆலையில் வேலை செய்கிறவர். நான் அங்கிருந்த நாட்களில் அவர் சொன்ன நீளமான வாக்கியம் அதுதான். சாப்பாட்டு மேசையில் புட்டும் மீன் குழம்பும் இருந்தன. திருச்சியில் கிடைக்காத அளவுக்கு நல்ல புட்டு. டப்பாவைக் கொடுத்ததும் அக்கா ஓர் உருண்டையைக் கையில் உருட்டிப் பார்த்து, இதை நாங்கள் பொரிவிளாங்காய் என்போம், ஆனால் எங்களுடையது இவ்வளவு கோபமாக இருக்காது என்றார். விசேஷத்துக்கு வைத்துக்கொள்ளலாம் என்று டப்பா அலமாரிக்குப் போனது.

விசேஷம் என்ன என்று அப்போதுதான் சொன்னார். அக்கா பதினொரு வருடமாக அந்த ஊரின் சின்ன அருங்காட்சியகம் ஒன்றில் காவல் வேலை பார்க்கிறார். அந்தக் காலத்து நாடா ஆலை முதலாளி ஒருவரின் வீடு அது. உலகம் முழுக்க நாடாவும் கயிறும் விற்ற மனிதர், ஜப்பானுக்குப் போனபோது நெட்சுகே என்கிற குட்டிச் சிற்பங்களின் மேல் பைத்தியமாகி, இருநூறு, முந்நூறு என்று வாங்கிச் சேர்த்துவிட்டார். அந்த அறையில்தான் அக்காவுக்கு நாற்காலி. சட்டையில் ‘அவுஃப்சிக்ட்’ என்று பட்டி இருக்கும், மேற்பார்வை என்று அர்த்தம். பொருளை யாரும் தொடாமல் பார்த்துக்கொள்வது மட்டும்தான் வேலை. யாராவது கேள்வி கேட்டால் பதில் சொல்லக் கூடாது, கீழே தகவல் மேசைக்கு அனுப்ப வேண்டும்.

பதினொரு வருடம் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தவருக்கு இந்த ஞாயிற்றுக்கிழமை பேசக் கிடைத்திருந்தது. ஊரில் இருக்கிறவர்களின் மொழிகளிலெல்லாம் அருங்காட்சியகத்தைச் சுற்றிக்காட்டுவது என்று ஒரு திட்டம். அரபிக்கும் துருக்கிக்கும் ஆள் கிடைத்துவிட்டது. தமிழுக்கு யார் என்று பொறுப்பாளர் ஃப்ராவ் கெல்லர், நம் வழக்கில் திருமதி கெல்லர், கேட்டபோது, அக்கா கையைத் தூக்கியிருக்கிறார். அரை மணி நேரம். குறைந்தது எட்டுப் பேர் வரவேண்டும். நன்றாக நடந்தால் மாதம் ஒருமுறை நடக்கும். நடக்காவிட்டால் பழையபடி நாற்காலிதான்.

“சரியா கதைச்சுப்போட்டனெண்டால் காணும் டொக்டர். பிறகு என்ன வந்தாலும் பறவாயில்லை” என்றார் அக்கா. பேச்சை ஒரு பள்ளிக்கூடக் கொப்பியில் எழுதி, குளியலறையில் கண்ணாடி முன் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை கண்காட்சி. ஒரு கிராமத்தையே உள்ளே வைக்கலாம் போன்ற கூடங்கள், அவ்வளவும் பல். நாற்காலி ஒன்றில் உட்கார்ந்து பார்த்தேன், அது என் முதுகைப் புரிந்துகொண்டு தானே வளைந்தது. விலையைக் கேட்டதும் நான் வளைந்தேன். பசை, பஞ்சு, பூச்சு என்று கடை கடையாக இலவச மாதிரிகள் கொடுத்தார்கள். ஒரு துணிப்பை நிறையச் சேர்த்தேன். மதியத்துக்கு ரொட்டியும் பாலாடைக்கட்டியும். ஒரு ரொட்டித் துண்டுக்குள் ஒரு இலை, ஒரு கட்டி. அதைத் தின்றுவிட்டுப் பக்கத்து மேசைக்காரர்கள் பெருவிருந்து முடிந்த முகத்தோடு எழுந்து போனார்கள்.

திரும்பும்போதுதான் வினை. ஜெர்மனியில் ரயில் நொடி தவறாது என்று எனக்கு யாரோ சொல்லி வைத்திருந்தார்கள். அந்த யாரோ ஜெர்மனிக்கு வந்ததில்லை. ரயில் நாற்பது நிமிடம் தாமதம், பிறகு மேடை மாற்றம். ஒலிபெருக்கி ஏதோ சொன்னதும் நூறு பேர் ஒரே சமயத்தில் படிக்கட்டுக்கு ஓடினார்கள். எதற்கு ஓடுகிறோம் என்று தெரியாமல் நானும் ஓடினேன். திருச்சி ஜங்ஷனில் பழகிய கால். ஓடி ஏறியது வேறு ரயில். எசன் நகரில் இறங்கி போன் செய்தேன். மரியதாஸ் அண்ணை காரில் வந்து, ஒரு வார்த்தை பேசாமல் அழைத்துப் போனார். மாதிரிகள் இருந்த பை கொலோன் மேடையில் ஒரு பெஞ்சின் மேல் தங்கிவிட்டது. போனால் போகிறது என்று அன்று நினைத்தேன். தவக்காலத்து வெள்ளி என்பதால் இறைச்சி கிடையாது. பனங்கிழங்கு மாவில் நண்டும் மீனும் போட்டுக் காய்ச்சிய ஒடியல் கூழ் காத்திருந்தது. மூன்று கிண்ணம் குடித்தேன்.

சனிக்கிழமை தொங்கு ரயிலில் அருங்காட்சியகத்துக்குப் போனேன். இந்த ஊரில் ரயில் தண்டவாளத்தின் மேல் ஓடுவதில்லை, அதிலிருந்து தொங்கிக்கொண்டு ஆற்றின் மேலே போகிறது. அந்தக் காலத்தில் விளம்பரத்துக்காக ஒரு சர்க்கஸ் யானைக்குட்டியை இதில் ஏற்ற, அது மிரண்டுபோய்ப் பெட்டியை உடைத்துக்கொண்டு ஆற்றில் குதித்ததாம். யானைக்குப் பெரிய காயமில்லை என்று பக்கத்தில் இருந்த பெண்மணி ஆங்கிலத்தில் சொன்னார். பல்லுக்கு ஏதாவது ஆயிற்றா என்று கேட்டேன். தொழில் புத்தி. அவர் அடுத்த நிலையத்தில் இறங்கிவிட்டார்.

நெட்சுகே அறை சின்னது, இருட்டானது. நடுவே கண்ணாடிப் பெட்டிகளில் மட்டும் வெளிச்சம். ஒவ்வொன்றும் நெல்லிக்காய் அளவு, மிஞ்சினால் எலுமிச்சை. தூங்கும் எலி, தலையில் தாமரை இலை வைத்த தவளை, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும் சாமியார். கிமோனோவில் பை இல்லை. புகையிலைப் பையையும் மருந்துப் பெட்டியையும் கயிற்றில் கட்டி இடுப்புப் பட்டியில் தொங்கவிடுவார்கள். கயிறு நழுவாமலிருக்க மேலே ஒரு கட்டை வேண்டும். அந்தக் கட்டைதான் நெட்சுகே. பொடி டப்பாவை வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டு, அது நழுவி விழுந்து தேடியிருக்கிற ஊர்க்காரனுக்கு இதன் அருமை உடனே தெரியும்.

ஆனால் நான் அங்கே இரண்டு மணி நேரம் நின்றதற்குக் காரணம் வேறு. அவற்றில் பாதி, பல். யானைத் தந்தம், காட்டுப்பன்றியின் கோரைப்பல், திமிங்கிலப் பல், கடற்குதிரை என்று நம் பள்ளிப் புத்தகம் தவறாகச் சொல்லித்தந்த வால்ரஸின் நீளப்பல். வால்ரஸ் பல்லின் நடுப்பகுதி ஜவ்வரிசிக் கஞ்சி போலப் புள்ளி புள்ளியாக இருக்கும், படித்திருக்கிறேன், பார்த்ததில்லை. சிரிக்கும் சாமியாரின் வயிறு பூராவும் ஜவ்வரிசி. சொத்தைப் பல்லைக் குடைந்தே வயதை ஓட்டியவன் நான். பல்லைக் குடைந்து ஒருவன் சிரிப்பை எடுத்திருக்கிறான் என்பதைப் பார்த்தபோது பொறாமையாக இருந்தது, மகிழ்ச்சியாகவும் இருந்தது.

அக்கா மூலையில் தன் நாற்காலியில் இருந்தார், கறுப்புக் கோட்டு, பட்டி, நிமிர்ந்த முதுகு. காதைப் பின்னங்காலால் சொறிந்துகொண்டிருந்த ஒரு நாயைக் காட்டி, இது எந்தப் பல் என்று கேட்டேன். அக்கா முகத்தில் ஓர் அசைவும் இல்லாமல் கையால் தகவல் மேசையின் திசையைக் காட்டினார். கிட்டே போய்க் காதைக் கொடுத்தேன்.

“முன்னுக்கு நிண்டு பாத்திட்டுப் போங்கோ. மிச்சம் நாளைக்கு” என்றார், உதடு அசையாமல்.

அன்று மாலை தேநீரோடு டப்பா அலமாரியிலிருந்து இறங்கியது. நாளை பேச்சு, இன்றைக்கு வாய்க்கு இனிப்பு வைப்போம் என்று அக்கா ஓர் உருண்டையை எடுத்தார். ஊறவைத்துத் தின்னுங்கள் என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கடித்துவிட்டார். வீட்டுக்கு வந்தவர் கொண்டுவந்ததை அவர் முன்னால் மிச்சம் வைக்கக் கூடாது என்பது அவருடைய முறை. டக் என்று ஒரு சத்தம். சுங்கத்தில் கேட்ட அதே சத்தம். அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். கையை விரித்தபோது உள்ளங்கையில் வெல்லத்தோடு ஒட்டிக்கொண்டு ஒரு முன்பல் கிடந்தது. நான் இரண்டு வருடத்துக்கு முன் திருச்சியில் போட்ட கேப், பல்லின் மேல் மாட்டும் உறை.

மரியதாஸ் அண்ணை அடுப்பை அணைக்கப் போனார், அது ஏற்கெனவே அணைந்துதான் இருந்தது.

அக்கா குளியலறைக்குப் போய்க் கண்ணாடியைப் பார்த்துவிட்டு வந்தார். கண் கலங்கியிருந்தது. “பொக்கை வாயோட சனத்துக்கு முன்னால நிக்க ஏலாது டொக்டர். ஃப்ராவ் கெல்லருக்கு போன் எடுத்து வரேல்லையெண்டு சொல்லப் போறன்” என்றார். ‘ஃப்ராவ்’ என்னும்போது காற்று புஸ் என்று போனது. அதைக் கேட்டதும் அவர் அழுதேவிட்டார்.

என் நிலைமையைச் சொல்ல வேண்டியதில்லை. பல் நான் போட்டது, உருண்டை நான் கொண்டுவந்தது. கேப்பை ஒட்டுகிற பசை, கண்காட்சியில் கிடைத்த மாதிரிகளில் மூன்று குழாய் இருந்தது. அது கொலோன் ரயில் நிலையத்தில் ஒரு பெஞ்சில் இருந்தது. பல் மருத்துவரிடம் டெர்மின், அதாவது முன்பதிவு நேரம், வாங்கத் திங்கட்கிழமை ஆகவேண்டும். ஞாயிற்றுக்கிழமைக்கு அவசர வைத்தியர் உண்டு, ஆனால் அவர் திறக்கிற நேரத்தில் அக்கா அருங்காட்சியகத்தில் நிற்க வேண்டும்.

அவசரத்துக்குத் திறந்திருக்கும் ஒரே மருந்துக் கடையைத் தேடி மரியதாஸ் அண்ணை காரை ஓட்டினார். கதவு பூட்டியிருந்தது. சின்ன ஜன்னல் வழியாகத்தான் வியாபாரம். மழையில் நின்று, பல்செட் ஒட்டும் பசை ஒரு குழாய் வாங்கினோம். அது கேப்புக்கானது அல்ல, ஆனால் சிறிது நேரம் தாங்கும். இந்த நாட்டில் வைத்தியம் பார்க்க எனக்கு உரிமை இல்லை என்பதால் வாயில் கை வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். நான் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு சொல்லச் சொல்ல, அக்கா தானே எப்படி வைப்பது என்று பழகினார். காலையில் ஒட்டிக்கொள்ளலாம், ஒன்றரை மணி நேரம் நிற்கும், கதைக்கலாம், கடிக்கக் கூடாது என்றேன். அக்கா போனை எடுக்கவில்லை. கொப்பியை எடுத்தார்.

படுக்கும் முன் செல்விக்கு போன் செய்து, உன் உருண்டை என்ன செய்தது தெரியுமா என்று எல்லாவற்றையும் சொன்னேன். அந்த அக்காவிடம் என் சார்பில் மன்னிப்புக் கேளுங்கள் என்றாள். குரல் உடைந்திருந்தது. நான் பெரிய மனதோடு, பரவாயில்லை விடு என்றேன்.

ஞாயிறு காலை பத்தேமுக்காலுக்கு ஒட்டியாயிற்று. பதினொரு மணிக்கு அறையில் நாங்கள் மூன்று பேரும் ஃப்ராவ் கெல்லரும் மட்டும். நரைமுடியைக் குட்டையாக வெட்டிய, மெலிந்த பெண். கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்று ஐந்து. மறுபடி பார்த்தார். அக்கா பத்தரை மணிக்கு வரும்படிதான் எல்லோருக்கும் செய்தி அனுப்பியிருந்தார், நம் ஆட்களைத் தெரியாதா. ஆனால் அன்று தமிழ்ப் பூசை உள்ள ஞாயிறு, தவக்காலத்தில் சாமியார் பிரசங்கத்தைச் சுருக்க மாட்டார் என்பது அவர் கணக்கில் விட்டுப்போயிருந்தது. நானோ பசையின் ஆயுளை எண்ணிக்கொண்டிருந்தேன். பதினொன்று இருபத்தைந்துக்கு மாடிப்படியில் ஒரு கல்யாண வீட்டுச் சத்தம் கேட்டது. இருபத்து மூன்று பேர், கோயிலிலிருந்து நேராக, பட்டுச் சேலையோடும் ஈரக் குடையோடும். இரண்டு பேர் கையில் மூடி போட்ட தட்டு. மீன் வைத்துச் சுருட்டிப் பொரித்த றோல்ஸ். ஃப்ராவ் கெல்லர் மிகுந்த மரியாதையோடு தட்டுகளை வாங்கி வெளியே வைத்தார்.

அக்கா தொடங்கினார். முதல் ஐந்து நிமிடம் கொப்பியில் எழுதியிருந்ததைப் பாடசாலைப் பிள்ளை மாதிரி ஒப்பித்தார். கேட்கிறவர்கள் குடையைக் கைமாற்றிக்கொண்டு நின்றார்கள். பிறகு, எல்லோரும் தன் நாற்காலிப் பக்கம் வரவேண்டும் என்பதற்காக, அதை நகர்த்தலாமா என்று அனுமதி கேட்கத் திரும்பினார். “ஃப்ராவ் கெல்லர்” என்றார். முதல் எழுத்திலேயே கேப் பறந்தது. அக்கா அதைக் காற்றிலேயே கையில் பிடித்துவிட்டார்.

கை வாய்க்குப் போனது. அக்கா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். இதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். அவர் இரண்டடி நடந்து வந்து கேப்பை என் உள்ளங்கையில் வைத்து, “பிடியுங்கோ டொக்டர்” என்றுவிட்டுத் திரும்பிப் போனார்.

“பல்லுக் கழண்டிட்டுது” என்றார் கூட்டத்திடம், வாயைப் பொத்தியபடி. “இஞ்ச இருக்கிறதெல்லாம் பல்லுத்தானே. ஒண்டு குறைஞ்சால் ஆருக்குத் தெரியப்போகுது.”

ஒரு பெண் சிரித்தாள், பிறகு எல்லோரும். கொப்பி மூடிக்கொண்டது. பெட்டிக்குள் காட்ட ஒரு கையில் டார்ச் வேண்டியிருந்தது, இன்னொரு கையில் சுட்ட வேண்டியிருந்தது. வாயைப் பொத்த மூன்றாவது கை இல்லாததால் அக்கா அதை மறந்துபோனார். திறப்புக் கோர்வையை, நம் சாவிக்கொத்தை, இடுப்பில் செருகுகிறோமே, அதே வேலைதான் இது என்று தன் சேலையில் செருகிக் காட்டினார். இடைவெளியில் காற்று புஸ் புஸ் என்று போய்க்கொண்டே இருந்தது, யாரும் அதைக் கவனிக்கவில்லை. அந்தச் சொறியும் நாயிடம் வந்ததும் நிறுத்தினார்.

“எல்லாரும் முகத்தைப் பாத்திட்டுப் போறவை. நான் பதினொரு வருசம் பின்னால இருந்து முதுகைத்தான் பாத்தனான். இந்த நாய் ஏன் சொறியுது எண்டு முன்னுக்கு நிண்டால் தெரியாது. ஒவ்வொருத்தரா என்ர கதிரையில வந்து இருந்து பாருங்கோ.”

ஒரு நாள் பார்வையாளர் ஒருவர் தவறவிட்ட கையுறையை எடுக்க அக்கா குனிந்தபோது கண்ணில் பட்டதாம். யாரிடமும் சொல்ல அவருக்கு அனுமதி இல்லை. சனங்கள் வரிசையாக அந்தக் காவல் நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தார்கள். உட்கார்ந்த ஒவ்வொருவரும் முதலில் ஒன்றும் தெரியாமல் முழித்து, அப்புறம் வாய்விட்டுச் சிரித்தார்கள். கடைசியாக ஃப்ராவ் கெல்லர் உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். அவர் அந்தச் சேகரிப்புக்கு அட்டவணை எழுதியவர். ஜெர்மன் மொழியில் ஏதோ கேட்டார், அக்கா பதில் சொன்னார். அட்டவணையில் இது இல்லையாம், நாளைக்கு எழுதவேண்டுமாம் என்று மரியதாஸ் அண்ணை என் காதில் சொன்னார்.

நான் அந்த வரிசையில் நிற்கவில்லை. சுவரோரம் ஒரு மேசையில், பார்வையாளர்கள் தொட்டுப் பார்க்க ஒரு மாதிரிச் சிற்பமும் காலில் நிற்கும் பெரிய பூதக்கண்ணாடி ஒன்றும் வைத்திருந்தார்கள். கையில் கேப் இருந்தது, வேறு வேலை இல்லை. கண்ணாடியின் கீழ் பிடித்தேன். முன்பக்கம் அழகாகத்தான் இருந்தது. நிறம், பளபளப்பு, பக்கத்துப் பல்லோடு பொருந்தும் வளைவு எல்லாம் சரி. திருப்பினேன்.

நாக்குப் பக்கத்து விளிம்பு தடித்து, படி போல நீட்டிக்கொண்டிருந்தது. அதன் அடியில் சிமெண்ட் கரைந்து, பழுப்பாக ஒரு கோடு ஓடியது. அது ஒரு நாளில் கரைவதல்ல. மாதக்கணக்கில் எச்சில் உள்ளே போய் வந்திருக்கிறது. உருண்டை கடைசித் தட்டு தட்டியது, அவ்வளவுதான். ஓர் ஆப்பிள் துண்டும் அதைச் செய்திருக்கும்.

இரண்டு வருடத்துக்கு முன் இதை ஒட்டிய அந்த மாலை எனக்கு நினைவுக்கு வந்தது. லேபிலிருந்து கேப் தாமதமாக வந்தது. கீழே வேளாங்கண்ணிக்குப் போகிற வேன், டிரைவர் ஹாரன் மேல் ஹாரன். விளிம்பு சரியில்லை என்று எனக்குத் தெரிந்தது. திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். உள்பக்கம்தானே, யார் பார்க்கப் போகிறார்கள் என்று ஒட்டிவிட்டு, எல்லோருக்கும் செய்வதுபோலக் கைக்கண்ணாடியை நீட்டினேன். அக்கா பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

எல்லோரும் றோல்ஸ் தின்ன வெளியே போனபின் அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். நாயின் முதுகில், வாலுக்குச் சற்று மேலே, எள்ளில் பாதி அளவுக்குக் கறுப்பாக ஒரு தெள்ளுப்பூச்சி. கால்கள்கூட இருந்தன. அந்தப் பக்கம்தான் அணிகிறவரின் இடுப்போடு ஒட்டியிருக்கும் பக்கம், ஊரார் யாரும் பார்க்கவே முடியாதது. அவருடைய பெருவிரல் மட்டும் தடவித் தெரிந்துகொள்ளும். அதற்காக ஒருவன் ஆறு கால் செதுக்கியிருக்கிறான். எனக்கு அங்கே உட்கார்ந்திருக்கக் கூசியது.

வீட்டுக்குத் தொங்கு ரயிலில் வந்தோம், அக்காவும் நானும். மரியதாஸ் அண்ணை காலித் தட்டுகளோடு காரில் போய்விட்டார். அக்கா வாயைப் பொத்தாமல் சிரித்துக்கொண்டே வந்தார். அடுத்த மாதமும் உண்டு, ஜெர்மன் மொழியிலும் ஒருமுறை செய்யச் சொல்லி ஃப்ராவ் கெல்லர் கேட்டிருக்கிறார், முதலில் பல் வரட்டும் என்று இவர் சொல்லியிருக்கிறார். கீழே ஆறு ஓடியது. இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் சொல்ல மாட்டேன் என்று தோன்றியது.

“அக்கா, பல்லு விழுந்தது உருண்டையால இல்ல. நான் சரியா போடல. உள்பக்கம் விளிம்பு தப்பு. அன்னிக்கே எனக்குத் தெரியும்” என்றேன்.

அக்கா வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். “எனக்கும் தெரியும்” என்றார். “ரெண்டு வருசமா நாக்கு அதிலதானே போய் முட்டுது. சாப்பிடேக்கை, செபம் சொல்லேக்கை எல்லாம்.”

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“நீங்கள் கண்ணாடியைத் தந்து நல்லா இருக்கோ எண்டு கேட்டனீங்கள். அவ்வளவு சந்தோசமா நிண்டீங்கள். எப்பிடிச் சொல்லுறது.”

போன வருடம் வாட்சப்பில் நலம் விசாரித்தபோது, பல் எப்படியிருக்கிறது என்று நான் கேட்டேன். தங்கமாக இருக்கிறது என்று பதில் போட்டிருந்தார். அதை நான் என் உதவியாளரிடம்கூடக் காட்டிப் பெருமைப்பட்டேன். வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது. அக்கா கைப்பையிலிருந்து ஒரு மிட்டாயை எடுத்து என்னிடம் நீட்டினார். வாங்கிக்கொண்டேன்.

அன்றே செல்வியைக் கூப்பிட்டேன். தவறு உன் உருண்டையில் இல்லை, என்னுடையது என்றேன். “அதான பாத்தேன்” என்றாள். “கல்யாணமான நாளா நீங்க தின்னுக்கிட்டுத்தான் இருக்கீங்க. ஒரு பல்லு ஆடலையே.” ஒரு ராத்திரி முழுக்க அவளை அழவிட்டதற்கு அதைவிட அதிகமாகத் திட்டியிருக்கலாம். திட்டவில்லை.

திங்கட்கிழமை மழை விட்டிருந்தது, நான் கிளம்பினேன். புது நாற்காலி வாங்கவில்லை. பழைய நாற்காலியில் இன்னும் சரியாகச் செய்ய வேண்டியது பாக்கி இருக்கிறது. இப்போதெல்லாம் கேப் ஒட்டியதும் நான் கைக்கண்ணாடியை நீட்டுவதில்லை. நாக்கை விட்டுப் பின்னால் தடவிப் பாருங்கள், என்ன தட்டுப்படுகிறது என்று கேட்டுவிட்டுக் காத்திருக்கிறேன். நம் ஜனங்கள் உடனே, எல்லாம் நல்லா இருக்கு டாக்டர் என்பார்கள். இன்னொரு தடவை கேட்கிறேன்.

அங்கே ஒரு தற்காலிகக் கேப்போடு சமாளித்துக்கொண்டிருக்கும் றெஜினா அக்கா, புதுக் கேப் போட்டுக்கொள்ள ஆகஸ்டில் வருகிறார். அவருக்காக நான்கு நாள் ஒதுக்கி வைத்திருக்கிறேன், வேன் மாதாவின் கொடியேற்றத்துக்கு முதல்நாள்தான் கிளம்பும் என்று மரியதாஸ் அண்ணையிடம் கண்டிப்பாகச் சொல்லியாயிற்று. அந்த அக்கா வரும்போது உருண்டை பிடிக்கவா, வேண்டாமா என்று செல்வி தயங்கித் தயங்கிக் கேட்டாள். நல்ல கெட்டியாகப் பிடி என்றேன். நான்காம் நாள் கேப்பை ஒட்டி முடித்ததும், அக்கா என் முன்னால் உட்கார்ந்து அதைக் கடிக்க வேண்டும்.